பெரிய கத்தியும் கைப்பிடிக் கயிறும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, கைப்பிடியில் கயிறு கோத்த பெரிய கத்திகளைப் பற்றியே கேட்டிருக்கின்றன. இணையக் கடைகளில் விற்கும் நீளக் கத்திகள் நம் பகுதித் தோட்டங்களுக்கும் வரத் தொடங்கியிருப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். அக்கடிதங்களுக்கு இங்கே சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: காவிரிப் படுகையில் எங்களுக்கு வாழைத் தோட்டம் இருக்கிறது. பக்கக்கன்று கழிக்கவும், தார் வெட்டிய மரத்தைச் சாய்க்கவும், வேலியோரத்து மூங்கிலை ஒழுங்குபடுத்தவும் இணையத்தில் இரண்டடி நீளக் கத்தி ஒன்றை வாங்கினேன். பிடியின் அடியில் துளையிட்டு நைலான் கயிறு கோத்து அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் வேலை செய்யும் தம்பி அந்தக் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வெட்டியபோது, கத்தி கையிலிருந்து நழுவித் திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே கீறிவிட்டது. காயம் ஆழமில்லை. கயிற்றை அறுத்தெறியச் சொல்கிறார் என் பெரியப்பா. கயிறு இல்லாமலிருந்தால் கத்தி பறந்து பக்கத்தில் நின்ற என் மேல் பட்டிருக்கும் என்கிறார் அந்தத் தம்பி. யார் சொல்வது சரி?
– வாசகர், திருக்காட்டுப்பள்ளி

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கயிறில்லாத கத்தி கைநழுவினால் பறக்கும். மணிக்கட்டில் கட்டிய கத்தி கைநழுவினால் திரும்பி வரும். ஆகவே, கயிறு கத்தியை எந்த இடத்தில் பிடித்து நிறுத்துகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிடி உள்ளங்கையை விட்டு விலகாதபடி தடுக்கும் கயிறு பயனுள்ளது. விலகிய பிறகு கத்தியை மணிக்கட்டில் தொங்கவிடும் கயிறு, கயிறே இல்லாமலிருப்பதைவிட ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் கையைத் தொங்கவிட்டு நின்றால், அவருடைய மணிக்கட்டு தரையிலிருந்து ஏறத்தாழ 32 அங்குல உயரத்தில் இருக்கும். பிடியும் அலகும் சேர்ந்து 24 அங்குலம், கயிறு 6 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், தொங்கும் கத்தியின் நுனி தரைக்கு 2 அங்குலம் மேலே வந்து நிற்கிறது. வெட்டிய வேகத்தோடு அது ஊசலாடும்போது முழங்கால், கணுக்கால், பாதம் மூன்றும் அதன் வழியில் இருக்கின்றன. கை உயர்ந்திருக்கும் நேரத்தில் நழுவினாலோ முன்னங்கையும் முகமும் அந்த வழியில் வந்துவிடுகின்றன. உங்கள் தோட்டத்துத் தம்பிக்குக் கீறலோடு போனது நல்லவேளை.

போர்க்களத்தில் மணிக்கட்டு வாருக்கு ஒரு நியாயம் இருந்தது. குதிரைப்படை வாள்களின் கைப்பிடியில் தோல்வார் ஒன்று இருக்கும். சண்டைக்கு நடுவே பிடி நழுவினாலும் வாள் வீரனை விட்டுப் போகாமல் மணிக்கட்டிலேயே தொங்கவேண்டும் என்பதற்காக அதைக் கோத்துக்கொள்வார்கள். ஓடும் குதிரையின் மேலிருப்பவன் விழுந்த வாளை இறங்கி எடுக்க முடியாது. தோட்டத்தில் கத்தி விழுந்தால் குனிந்து எடுத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியதெல்லாம், வீச்சின் நடுவில் அது கையை விட்டுப் பாயாமல் இருப்பதுதான்.

வாழையும் மூங்கிலும் கத்தியைக் கையிலிருந்து பிடுங்கும் விதம் வேறுவேறு என்பதையும் கவனிக்க வேண்டும். வாழையின் அடிமரம் என்பது நீர் நிறைந்த மட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிய அடுக்கு. முழு வீச்சில் வெட்டினால் பெரிய எதிர்ப்பில்லாமல் அலகு மறுபுறம் வந்துவிடும், அந்த வேகத்தில் பிடி முன்னோக்கி இழுபடும், போதாததற்கு வாழைச்சாறு பட்ட பிடி வழுக்கும். மூங்கில் அப்படியல்ல. வெளிப்புறம் கெட்டியாகவும் உட்புறம் கூடாகவும் இருப்பதால், சாய்வாக விழாத வெட்டை அது திருப்பியடிக்கும். பிடி கைக்குள்ளேயே முறுகும். கொத்துக்குள் வளைந்து விறைத்து நிற்கும் கழியை வெட்டினால் அது தெறித்து, கத்தியையும் கையையும் சேர்த்தே தள்ளிவிடும். முன்னோக்கி இழுபடும் பிடியைக் கயிறு நன்றாகத் தடுக்கும். முறுகும் பிடிக்கு அதனால் அவ்வளவாகப் பயனில்லை. வாழை வேலைக்குக் கயிற்றை வைத்துக்கொள்ளுங்கள். மூங்கிலுக்கு, குறிப்பாக வளைந்து நிற்கும் கழிகளுக்கு, ரம்பம் எடுத்துக்கொள்வதே என் பரிந்துரை.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றாமல் கட்டைவிரலில் மாட்டவேண்டும். மரத்தாலான பழைய காவலர் தடிகளின் தோல்வாரை மாட்டுவதும் இந்த முறையில்தான். அலகை உறைக்குள் வைத்தபடியோ, உறை இல்லையென்றால் சாக்குத்துணியைச் சுற்றிக் கட்டிவிட்டோ இதைப் பழகுங்கள். கயிற்றுக் கண்ணியைக் கட்டைவிரலில் மாட்டிக் கத்தியைத் தொங்கவிட வேண்டும். கயிறு புறங்கையின் மேல் படியும்படி கையைத் திருப்பி, சுண்டுவிரல் பக்கமாக வந்து நிற்கும் பிடியை உள்ளங்கைக்குள் வாங்கிப் பிடிக்க வேண்டும். இப்போது கயிறு கட்டைவிரல் இடுக்கில் தொடங்கி, புறங்கையை அணைத்துக்கொண்டு சென்று, பிடியின் அடிமுனையில் முடிந்திருக்கும். இறுக்கிப் பிடித்த நிலையில் கயிற்றுக்கும் புறங்கைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் தளர்வு இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் முடிச்சை மாற்றிக் கயிற்றைக் குறுக்கிவிடுங்கள். ஒருவர் கைக்கு அளவெடுத்த கயிறு இன்னொருவர் கைக்குப் பொருந்தாது. கத்தி கைமாறும்போது, வாங்குபவர் தம் கைக்கு அளவை மாற்றிக்கொள்ளட்டும், அல்லது கயிற்றை உருவி வைத்துவிட்டு வெட்டட்டும்.

அளவு சரியாக இருக்கிறதா என்பதை, அலகை மூடிய நிலையிலேயே, இரண்டு விதமாகச் சோதித்துப் பார்க்கலாம். முதலில், விரல்களைச் சற்றே தளர்த்துங்கள். பிடி ஓரிரு விரற்கடைக்கு மேல் நகராமல் உள்ளங்கையிலேயே நிற்கவேண்டும். பிறகு விரல்களை முழுவதும் விரித்து, கையைக் கீழ்நோக்கி ஒருமுறை உதறுங்கள். கண்ணி கட்டைவிரலை விட்டுக் கழன்று கத்தி தரையில் விழுந்துவிடவேண்டும். இந்த இரண்டாவது சோதனையில் தேறாத கயிற்றை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். ஈர வரப்பில் கால் வழுக்கும்போதும், தெரியாமல் குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டு ஓடும்போதும், கத்தியை நம்மிடமிருந்து உடனே விலக்கிப் போட வேண்டியிருக்கும். மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியவரால் அது முடியாது. அவர் கத்தியோடு சேர்ந்தே விழுவார்.

கயிற்றின் வகையைப் பற்றியும் சொல்லவேண்டும். இத்தகைய கத்திகளோடு வரும் நைலான் கயிறு பெரும்பாலும் பாராசூட் கயிறு என்ற பெயரில் விற்கப்படுவது. அதன் பெயரோடு வரும் 550 என்ற எண், 550 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ இழுவையை அது தாங்கும் என்பதைக் குறிக்கிறது. டிராக்டரின் கொக்கியிலோ மோட்டாரின் பெல்ட்டிலோ கயிறு சிக்கினால் அறுந்துபோக வேண்டியது கயிறு. 250 கிலோ தாங்கும் கயிறு அறுவதற்கு முன்பே கை போய்விடும். அதனால் மெல்லிய பருத்திக் கயிற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நைலானையே வைத்துக்கொள்ள விரும்பினால், அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று முடிச்சிடாமல், பருத்தி நூலால் சில சுற்றுகள் சுற்றி இணைத்துவிடுங்கள். கத்தியின் எடையைத் தாங்கவேண்டும், இரு கைகளாலும் பலமாக இழுத்தால் அறுபட வேண்டும், அவ்வளவு உறுதி போதும். உருவாஞ்சுருக்கு ஒருபோதும் கூடாது, ஏனென்றால் இழுக்க இழுக்க அது இறுகும். ஓடும் இயந்திரத்துக்கு அருகில் வேலை செய்யும்போது எந்தக் கயிறும் வேண்டாம்.

கயிறு இருக்கிறது என்ற தைரியத்தில் வெட்டுகிறவருக்குப் பக்கத்தில் நிற்கவும் கூடாது. வெட்டுகிறவரின் கைநீளத்தையும் கத்தியின் நீளத்தையும் கூட்டி, அதைப் போல இரண்டு மடங்கு தூரம் விலகி நில்லுங்கள்; உங்கள் கத்திக்கு அது ஏறத்தாழ ஒன்பது அடி வரும்.

காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கீறல் சிறியதென்றாலும் அது மண்பட்ட இரும்பால் ஏற்பட்டது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவியபின், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டுக்கொண்டார் என்பதைச் சொல்லி ஆலோசனை கேட்கச் சொல்லுங்கள். காப்பித்தூளோ மஞ்சள்தூளோ அப்ப வேண்டாம். ஆழமான வெட்டாக இருந்தால், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழைக்கவேண்டும்.

கேள்வி: 2018-ஆம் ஆண்டு கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. தப்பிய மரங்கள் உயரமானவை. மரமேறுபவர் கிடைக்காததால் ஏறும் கருவி வாங்கி நானே ஏறுகிறேன். குலை வெட்டும்போது அரிவாள் கைநழுவிக் கீழே விழாமலிருக்க மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாமா?
– வாசகர், பேராவூரணி

பதில்: வேண்டாம் ஐயா. உங்கள் அக்கறை நியாயமானது. 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அரிவாள், தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஆனால் அந்த ஆபத்தைக் கீழே ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்வதன் மூலம் முழுவதுமாகத் தவிர்க்கலாம். மரத்தின் மேல் உங்கள் மணிக்கட்டில் தொங்கும் அரிவாளை எதைக் கொண்டும் தவிர்க்க முடியாது. கால் வழுக்கும் கணத்தில் உங்கள் இரு கைகளும் மரத்தைத் தேடும். அப்போது ஒரு கையில் அலகு ஆடிக்கொண்டிருந்தால் அது உங்கள் உடம்பையோ, உங்களைத் தாங்கும் இடுப்புவாரையோதான் வெட்டும்.

நான் மேலே சொன்ன கட்டைவிரல் முறையையும் மரத்தின் மேல் பயன்படுத்த வேண்டாம். தரையில் நிற்கும்போது கத்தியை விட்டுவிட்டு விலகலாம். மரத்தின் மேல் விலகிப் போக இடம் கிடையாது. பனையேறிகள் இடுப்பில் அருவாப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அரிவாள் பெட்டிக்குள் இருக்கும்; வெட்டும் நேரத்துக்கு மட்டுமே வெளியே வரும். அந்த ஒழுங்கை நீங்களும் பின்பற்றவேண்டும். அலகு முழுவதையும் மூடும் உறை, உறையிலிருந்து தானாக வெளிவராதபடி ஒரு பட்டை, மரத்தைச் சுற்றி மரத்தின் உயரத்தில் பாதியளவுக்காவது ஆட்களும் ஆடுமாடுகளும் வராத இடம், இவை இருந்தால் அரிவாளைக் கட்டிவைக்க வேண்டிய தேவையே எழாது. கைநழுவினால் விழட்டும் என்று விட்டுவிடுங்கள், தாவிப் பிடிக்க முயலாதீர்கள்.

தனியாக ஏறுகிறீர்கள் என்று எழுதியிருப்பது எனக்குக் கவலையளிக்கிறது. கீழே ஒருவராவது கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் கருவி கொண்டு மரமேறுவதற்கான பயிற்சியை 2011 முதல் அளித்துவந்திருக்கிறது. மரமேறுவோருக்கான ‘கேரா சுரக்ஷா’ என்ற விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் அவ்வாரியத்துக்கு உண்டு. இவற்றின் இப்போதைய நிலையை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ விசாரியுங்கள்.

கேள்வி: பாசன வாய்க்காலில் இறங்கி ஆகாயத்தாமரையையும் காட்டாமணக்கையும் வெட்டி அகற்றுகிறோம். அரிவாள் தண்ணீரில் விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடாக இருக்கிறது. இதற்காக நீளமான கயிற்றில் கட்டி இடுப்பில் முடிந்துகொள்கிறோம். இது சரியா?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: ஓடும் நீரில் நிற்பவர் தம் உடம்போடு எந்தக் கயிற்றையும் முடிந்துகொள்ளக் கூடாது. காட்டாமணக்கின் தண்டுகள் நீருக்கடியில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. நீளக் கயிறு அவற்றில் சிக்கிக்கொண்டால், மேட்டூர் அணை திறந்து முறைத் தண்ணீர் வேகமாக வரும் நாட்களில், இடுப்பளவு ஆழம்கூட உயிருக்கு ஆபத்தாக முடியும். நீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கும் அலகு காலில் படுவது இன்னொரு ஆபத்து. ஆகவே இடுப்பு முடிச்சை இன்றே விட்டுவிடுங்கள்.

கூடியவரை நீர் நிறுத்தப்பட்ட நாட்களில், கரையிலிருந்தே நீளக் காம்புள்ள கொக்கியால் இழுத்துப் போட்டு, கரையில் வைத்து வெட்டுங்கள். இறங்கித்தான் ஆகவேண்டுமென்றால் முழங்கால் அளவு நீரோடு நிறுத்திக்கொண்டு, குட்டையான அரிவாளைக் கட்டைவிரல் கண்ணியோடு பயன்படுத்தலாம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும்போது அது உறைக்குள் இருக்கட்டும். பிடிக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் வண்ணம் பூசினால் தெளிந்த நீரில் கண்டுபிடிப்பது எளிது. கலங்கிய நீரில் விழுந்த அரிவாளைக் காலால் துழாவித் தேடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கரையிலிருந்து அடியில் இழுத்தால் இரும்பு அலகு ஒட்டிக்கொண்டு வரும். ஆளைவிட்டுத் தேடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

கேள்வி: பண்ருட்டியிலிருந்து வரும் பெரிய பலாப்பழங்களை வெட்ட வீட்டில் ஒன்றரை அடிக் கத்தி வைத்திருக்கிறேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுவதால் பிடி வழுக்குகிறது. இதற்கும் கயிறு வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா. ஓங்கி வீசி வெட்டும் வேலைக்குத்தான் கயிறு; பலாவை அழுத்தி அறுக்கிறோம். பால் ஒட்டாமலிருக்க, பழத்தைத் தொடும் கைக்கும் அலகுக்கும் மட்டும் எண்ணெய் தடவுங்கள். பிடியைப் பற்றும் கை உலர்ந்திருக்கட்டும். பழம் உருளாதபடி அடியில் ஈரச் சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பூவரசு மரப் பிடி போட்ட பழைய வெட்டரிவாள் இருக்கிறது. அதற்குக் கயிறு கோக்கப் பிடியில் துளை போடச் சொல்லலாமா? எந்த இடத்தில் போடவேண்டும்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: துளை போடுவதற்கு முன், அந்தப் பிடியும் அலகும் எப்படி இணைந்திருக்கின்றன என்பதைப் பாருங்கள். இணையத்தில் விற்கும் நீளக் கத்திகள் பலவற்றில் அலகின் இரும்பே பிடியின் அடிமுனை வரை நீண்டு, இருபுறமும் பட்டைகள் வைத்து ஆணியடிக்கப்பட்டிருக்கும். அங்கே கயிற்றுத் துளை இரும்பையும் ஊடுருவிச் செல்லும். நம் பட்டறை அரிவாள்களில் பெரும்பாலும் கூராக நீட்டிய வாலைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்கி, பிடியின் வாயில் பூண் என்னும் உலோக வளையம் போட்டிருப்பார்கள். அந்த வால் பிடியின் பாதி வரைதான் இருக்கும். இத்தகைய பிடியின் அடியில் துளை போட்டுக் கயிறு கோத்தால், கயிறு மரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பூண் தளர்ந்த அரிவாளில் அலகு தனியே பறந்துவிடும், பிடி மட்டும் உங்கள் கையில் பத்திரமாக இருக்கும். கயிறு இருக்கிறது என்று நம்பி ஓங்கி வெட்டுகிறவருக்கு இது பெரிய ஆபத்து.

ஆகவே முதலில் அலகை மூடிவிட்டு, பிடியைப் பிடித்து நாலாபுறமும் ஆட்டிப் பாருங்கள். சிறிதளவு ஆடினாலும் பட்டறைக்கு எடுத்துச் சென்று பிடியை மாற்றிவிடுங்கள். கோடையில் மரம் சுருங்குவதால் பிடி தளர்வதும், இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து அதை இறுக்குவதும் நம்மிடம் உள்ள பழக்கம். ஊறிய மரம் இரும்பைச் சுற்றி உப்பி நசுங்கி, காய்ந்த பிறகு முன்பிருந்ததைவிடவும் தளர்ந்துபோகும். அதனால் ஊறவைப்பதை நம்பவேண்டாம். புதிய பிடி போடும்போது வாலை அடிமுனை வரை நீட்டி, வெளியே வந்த நுனியை மடக்கி அடித்துத் தருமாறு கொல்லரிடம் கேளுங்கள். பட்டறைக்காரருக்கு இது கடினமான வேலை அல்ல. கூடவே பிடியின் அடிமுனையைச் சற்றே பருத்தும் வளைத்தும் செதுக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் அந்தப் பருமனில் தட்டி நிற்பதால் முன்னோக்கி இழுபடும் பிடி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அப்படிச் செதுக்கிய பிடி உங்களுக்கு அமைந்துவிட்டால், உலர்ந்த மரம் வெட்டும் சாதாரண வேலைக்குக் கயிறு தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகும் மழைநாள் வேலைக்குக் கயிறு வேண்டுமென்று தோன்றினால், பிடியின் பருத்த பகுதியில், அடிமுனையிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, மரத்தின் நார் ஓடும் திசைக்குக் குறுக்காக, கயிறு நுழையும் அளவுக்கு மட்டும் துளை போடுங்கள். முனைக்கு மிக அருகில் போட்டால் மரம் பிளந்துகொள்ளும். துளையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, மரம் நீர் குடிக்காமலிருக்க உள்ளேயும் வெளியேயும் ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவிடுங்கள். கயிறு துளையின் விளிம்பில் உரசி நைவதால், வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, நூல் பிரிந்திருந்தால் கயிற்றை மாற்றிவிடுங்கள்.